மார்பில் தோன்றும் பைக்கட்டி: அறிதலும் அகற்றுதலும்

கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பாசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் நிலத்தில் இறங்கி உழைக்கும் மனிதனுக்காகவே அன்றோ! அவனுடைய உடல் நலம் குன்றுமாயின் ஏனைய வசதிகள் இருந்தும் பயனில்லை. பெரிய நோய்களைப்பற்றி இன்று மக்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆனால் "இது ஒன்றும் செய்யாது" என்று ஒதுக்கப்படும் சிறு கோளாறுகள் பல சமயங்களில் அறுவடைக் காலத்தில் ஆளைப் பாயில் கிடத்திவிடுகின்றன. அவற்றுள் ஒன்றான, மார்பின் தோலில் தோன்றும் பைக்கட்டியைப் பற்றி இங்கு நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கொல்லிமலை வட்டாரம் 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலைப்பகுதி என்பதை யாவரும் அறிவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலே ஏற வேண்டும். நாடு ஒன்றிலிருந்து செம்மேட்டுக்கு வருவதற்கே அரை நாள் செலவாகும் குக்கிராமங்களும் உண்டு. இந்நிலையில், வலியில்லாத ஒரு சிறு கட்டியைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியை இழக்க எவரும் தயங்குவது இயல்பே. ஆயினும் அந்தத் தயக்கத்தால் விளையும் நட்டம் பெரிது. கட்டி அமைதியாக இருக்கும்போது அரைமணி நேரத்தில் முடியக்கூடிய சிகிச்சை, அது சிவந்து வீங்கிய பின்னர் பல வாரங்கள் நீள்கிறது. அதனினும் முக்கியமாக, மார்பில் தோன்றும் கட்டிகள் அனைத்தும் பைக்கட்டி அல்ல. எது எளியது, எது கொடியது என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லாதவரை எவராலும் உறுதியாகக் கூற இயலாது.

பைக்கட்டி என்பது யாது?

நம்முடைய தோலின் மேற்பரப்பில் உள்ள உயிரணுக்கள் நாள்தோறும் தேய்ந்து உதிர்கின்றன. அவற்றின் இடத்தைக் கீழிருந்து வரும் புதிய அணுக்கள் நிரப்புகின்றன. உரோமம் முளைக்கும் துவாரத்தின் வாய் ஏதோ ஒரு காரணத்தால் அடைபட்டாலும், முள் தைத்தல் போன்ற காயத்தால் மேல்தோலின் சிறு துணுக்கு உள்ளே புதைந்தாலும், அந்த மேல்தோல் அணுக்கள் தோலுக்கு அடியில் ஒரு பைபோல வளர்ந்துவிடும். வெளியே உதிர வேண்டிய செதில்கள் வெளியேற வழியின்றி அப்பைக்குள்ளேயே சேர்ந்து தேங்கும். இதனை வைத்தியர்கள் 'எபிடெர்மாய்டு சிஸ்ட்' எனக் குறிப்பிடுகின்றனர். இக்கட்டுரையில் நாம் இதனைப் பைக்கட்டி என்றே வழங்குவோம்.

இக்கட்டியைக் 'கொழுப்புக் கட்டி' என்று கூறுவது நம் மக்களின் வழக்கம். உள்ளிருக்கும் வெண்மையான பொருள் கொழுப்புப்போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. உண்மையில் அது கொழுப்பும் அன்று, சீழும் அன்று. நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே அங்கே பாலாடைக் கட்டி போலக் குழைந்து கிடக்கிறது. அதனாலேயே அதற்கு ஒரு கெட்ட வாடை உண்டு. உண்ணும் உணவாலோ, எண்ணெய்ப் பலகாரத்தாலோ, திருஷ்டியாலோ இது தோன்றுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. முகம், கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மிகுதியாகவும், 20 முதல் 50 வயதுக்குட்பட்டோரிடம் பெரும்பான்மையாகவும், பெண்களைவிட ஆண்களிடம் அதிகமாகவும் இது காணப்படுகிறது.

அடையாளங்கள்

மிளகு அளவில் தொடங்கும் பைக்கட்டி, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மெல்ல வளர்ந்து நெல்லிக்காய் அளவையும், சில சமயம் எலுமிச்சங்காய் அளவையும் எட்டும். உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். விரலால் அழுத்தினால் வெண்ணெய் திரட்டியதுபோலச் சற்றுக் குழைந்து கொடுக்கும். அமைதியாக இருக்கும் காலத்தில் வலியோ சூடோ இராது.

இதனை இனங்காண வைத்தியர் முதலில் நோக்கும் அடையாளங்கள் இரண்டு. கட்டியின் உச்சியில், ஊசிமுனை பட்டதுபோன்ற கரும்புள்ளி ஒன்று பெரும்பாலும் தென்படும். அதுவே அடைபட்ட துவாரத்தின் வாய். கட்டி தோலோடு ஒட்டியிருப்பதே மற்றோர் அடையாளம். விரல்களால் பிடித்து அசைத்தால் தோலும் கட்டியும் ஒன்றாக நகருமேயன்றி, தோலைவிட்டுக் கட்டி தனியே வழுக்கி ஓடாது. கரும்புள்ளி எல்லோருக்கும் கண்ணுக்குப் புலப்படும் என்று கூற முடியாது. ஆகவே அது இல்லையென்பதனால் பைக்கட்டி அன்று என முடிவு கட்டுதல் கூடாது.

அனுபவமுள்ள வைத்தியர் பெரும்பாலான பைக்கட்டிகளைக் கண்ணாலும் கையாலுமே அறிந்துவிடுவார். ஐயம் ஏற்படும்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். அல்லது மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார். இவற்றைக் கண்டு "பெரிய வியாதி போலிருக்கிறது" என்று அஞ்சவேண்டியதில்லை. ஐயத்தை நீக்கிக்கொள்வதற்காகவே இச்சோதனைகள் செய்யப்படுகின்றன.

மயங்குதற்கு இடமான பிற கட்டிகள்

மார்பு என்பது பல உறுப்புகள் அடுக்கடுக்காக அமைந்த இடம். மேலே தோல், அதன்கீழ் கொழுப்பு, தசை, விலா எலும்பு, அதற்கும் உள்ளே நுரையீரலும் இருதயமும் இருக்கின்றன. ஆதலின் அங்குத் தோன்றும் வீக்கம் எந்த அடுக்கிலிருந்து எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் முதற்கடமை.

உண்மையான கொழுப்புக் கட்டி, அதாவது 'லிப்போமா', தோலுக்கு அடியில் கொழுப்பிலிருந்தே வளர்வது. அது மிருதுவாக இருக்கும். விரல் பட்டால் நழுவும். அதன்மேல் தோல் தாராளமாக நகரும். கரும்புள்ளி இராது. இதுவும் பெரும்பாலும் தீங்கற்றதே.

சீழ்க்கட்டி இரண்டு மூன்று நாட்களிலேயே எழும்பிச் சிவந்து, சூடேறி, விண்விண்ணென்று தெறிக்கும். பைக்கட்டி பல மாதங்கள் அமைதியாக இருந்து வளர்வது என்பதால் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கேள்வியாலேயே அறியலாம். "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்று வைத்தியர் முதலில் வினவுவது இதனாலேதான்.

காசநோயினால் விலா எலும்பு ஓரத்தில் தோன்றும் வீக்கம் ஒன்று உண்டு. உள்ளே சீழ் இருந்தும் சூடும் சிவப்பும் இராது. அதனுடன் நீடித்த இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்த்தல் முதலியன காணப்படலாம். இதனைச் சாதாரணக் கட்டியென எண்ணிக் கீறிவிட்டால் புண் ஆறாமல் ஒழுகிக்கொண்டேயிருக்கும். காசநோய்க்குரிய மருந்தே இதற்குச் சிகிச்சை.

குழந்தை பிறந்தபோதே மார்பின் நடுக்கோட்டில் காணப்படும் கட்டி, நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கும் வீக்கம், கல்போல் கெட்டியாக இருந்து விரைவாக வளரும் கட்டி, மேல்தோல் பிளந்து ஆறாத புண்ணாக மாறும் கட்டி ஆகியவற்றை எக்காரணம்கொண்டும் ஊரில் வைத்து ஆராய முற்படக்கூடாது. இளவயதிலேயே உடம்பில் பல பைக்கட்டிகள் தோன்றி, குடும்பத்தில் குடற்புற்று நோய் கண்டவர்களும் இருப்பார்களாயின் அதனையும் வைத்தியரிடம் தவறாது கூறவேண்டும். அரிதான ஒரு பரம்பரைக் கோளாறின் முன்னறிவிப்பாக அது இருக்கக்கூடும்.

பெண்மக்கள் கவனத்திற்கு

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்திக் கூற விரும்பும் செய்தி இதுவேயாகும். பெண்களின் மார்பகத்தில் தோன்றும் எந்தக் கட்டியையும் "தோலில் வந்த கொழுப்புக் கட்டிதான்" என்று தாமே தீர்மானித்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது. மார்பகத் தோலிலும் பைக்கட்டி உண்டாகும் என்பது உண்மையே. ஆயினும் மார்பகப் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலியற்ற ஒரு சிறு கட்டியாகவே பெரும்பாலும் வெளிப்படுகிறது. வலிக்கவில்லை என்பது ஆறுதலுக்குரிய காரணம் அன்று என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

கட்டி கெட்டியாக இருத்தல், மேல்தோல் குழிந்து இழுபடுதல் அல்லது ஆரஞ்சுப் பழத்தோல்போலத் தடித்தல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகிய குறிகளில் ஒன்று தென்பட்டாலும் அவ்வாரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். குறிகள் எதுவும் இல்லாவிடினும் புதிதாகத் தோன்றிய கட்டியைக் காட்டிவிடுவதே அறிவுடைமை. அரிதாக ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு. ஆகவே காம்புக்கு அடியில் கட்டி கண்ட ஆடவரும் வாளாவிருத்தல் ஆகாது.

ஆண் வைத்தியரிடம் மார்பைக் காட்டக் கூசி ஆண்டுக்கணக்கில் மறைத்து வைப்போர் உளர். கூச்சம் இயற்கையே. அதனைப் பழித்துப் பயனில்லை. முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். பெண் வைத்தியர் உள்ள நாளைக் கேட்டறிந்து செல்லலாம். தாயோ, மாமியாரோ, நாத்தனாரோ உடன் செல்லலாம். இதற்கு வழிவிட்டுத் துணை நிற்பது வீட்டு ஆடவரின் கடமையாகும்.

பிதுக்குதலும் சுடுதலும்

கொல்லிமலை மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற இடம். நாட்டு வைத்தியத்தை இழித்துரைப்பது நம் நோக்கம் அன்று. ஆனால் பைக்கட்டி விஷயத்தில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். கட்டிக்குக் காரணம் உள்ளிருக்கும் வெண்பொருள் அன்று. அதனை உற்பத்தி செய்துகொண்டேயிருக்கும் பைச்சுவரே காரணம். கரையான் புற்றின் மேல்மண்ணை இடித்துத் தள்ளினால் சில நாட்களில் புற்று மீண்டும் எழும்புகிறதல்லவா? அதுபோலவே பிதுக்கி எடுத்த கட்டியும் மீண்டும் நிரம்பும்.

பிதுக்குவதில் வேறோர் அபாயமும் இருக்கிறது. அழுத்தத்தால் பை உள்ளேயே உடைந்து, கெரட்டின் சுற்றியுள்ள சதையில் சிந்திவிடும். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதனால் ஒரே இரவில் கட்டி சிவந்து, வீங்கி, தொடமுடியாதபடி நோகும். அழுக்கு விரலும் துருப்பிடித்த ஊசியும் பட்டால் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இக்கிருமிகள் விரைவில் பரவி உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

எருக்கம்பால், சேராங்கொட்டை, சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுதல், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்தல் ஆகியவற்றால் மேல்தோல் வெந்து புண்ணாகுமே தவிர, அடியிலுள்ள பை கரையாது. சவரக் கத்தியால் கீறிவிடும் வழக்கம் இவையனைத்தினும் கேடானது. மெலிந்த உடலில் மார்புத் தோலுக்கும் நுரையீரலைச் சூழ்ந்த உறைக்கும் இடையே உள்ள கனம் அதிகமில்லை. பயிற்சியற்றவர் கையிலுள்ள கத்தி அங்கே விளையாடுதல் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, நாளைக்கு மூன்று நான்கு வேளை ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கத்தின் நோவை இது தணிக்கும். ஆனால் வைத்தியரிடம் செல்லுவதற்கு இது மாற்று ஆகாது.

கத்தி என்றதும் அஞ்சவேண்டாம்

சத்திர சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நடுங்குவதற்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. 1821-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த இத்தகைய பைக்கட்டி ஒன்றை ஆஸ்ட்லி கூப்பர் என்னும் ரண வைத்தியர் அறுத்தெடுத்தார். அக்காலத்தில் மயக்க மருந்து இல்லை. மன்னராயினும் வலியைப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கவேண்டியிருந்தது. கிருமிகளைப்பற்றிய அறிவும் அப்போது இல்லை. சிறு காயமும் விஷமேறிப் பரவிவிடுமோ என்று அவ்வைத்தியரே அஞ்சினார். நல்வேளையாக மன்னர் நலமடைந்தார்.

அதன்பின் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. 1846-ஆம் ஆண்டில் ஈதர் மயக்கம் வழக்குக்கு வந்தது. 1867-ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை உலகுக்கு எடுத்துரைத்தார். 1943-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ரசாயன நிபுணர் நில்ஸ் லோஃப்கிரென் 'லிக்னோகெயின்' என்னும் மருந்தை உருவாக்கினார். அம்மருந்தை ஊசிமூலம் செலுத்தினால் அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், நினைவு தப்பாது. அன்று ஒரு மன்னருக்குக் கிட்டாத வலியற்ற, தூய்மையான சிகிச்சை, இன்று மலைமேல் சாமை விதைக்கும் உழவருக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

சிகிச்சை நடைபெறும் விதம்

எல்லாப் பைக்கட்டிகளையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. சிறியதாய், வளராமல், தொல்லை தராமல் இருப்பதை விட்டுவிட்டுக் கண்காணித்தால் போதும். வளர்ந்துகொண்டே செல்வது, அடிக்கடி வீங்குவது, சுமைக் கயிறோ கூடைப் பட்டையோ உராயும் இடத்தில் இருப்பது, என்ன கட்டி என்பதில் ஐயத்துக்கிடமானது ஆகியவற்றையே எடுத்துவிடுமாறு வைத்தியர் கூறுவார்.

முதலில் நோயாளியின் விவரங்கள் கேட்கப்படும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறாரா, முன்பு ஏதேனும் ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டதா என்பவற்றை மறைக்காமல் கூறவேண்டும். மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடக்கூடாது. காது குத்திய இடமோ பழைய காயத் தழும்போ தடித்து வளர்ந்த அனுபவம் இருப்பின் அதனையும் தெரிவிக்கவேண்டும். ஏனெனில் மார்பின் நடு எலும்பின்மேல் உள்ள தோல், 'கீலாய்டு' என்னும் வீங்குதழும்பு தோன்றுவதற்கு மிகவும் இடமளிக்கும் பகுதி. அத்தகையவர்களுக்குச் சிறு கட்டியை எடுக்காமல் விடுவதே நலமாக இருக்கலாம். எடுத்தபின் தழும்பு வளர்ந்தால் அதற்கும் ஊசி மருந்து உண்டு.

பின்னர் அவ்விடம் கிருமிநாசினியால் துடைக்கப்படும். கட்டியைச் சுற்றிலும் மரப்பு ஊசி போடப்படும். ஊசி ஏறும்போது எறும்பு கடித்ததுபோலச் சுருக்கென்று எரியும். சில நிமிடங்களில் வலி உணர்வு அடங்கிவிடும். தொடுவதும் இழுப்பதும் தெரியுமே தவிர நோவு தெரியாது. வலி தெரிந்தால் உடனே சொல்லவேண்டும். வைத்தியர் மேலும் மருந்து செலுத்துவார்.

கரும்புள்ளி நடுவில் அமையும்படி, நெல்மணி வடிவத்தில் தோல் கீறப்படும். தோலின் இயற்கையான மடிப்புக் கோட்டை ஒட்டிக் கீறினால் தழும்பு மெல்லியதாக அமையும். அதன்பின் பையைச் சுற்றியுள்ள சதையிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்து, பலாச்சுளையை உறை கிழியாமல் எடுப்பதுபோலப் பையை முழுமையாக வெளியே எடுப்பார்கள். இடையில் பை உடைந்துவிட்டாலும் கவலையில்லை. உள்ளிருப்பதைக் கழுவி, சுவரின் துணுக்கு ஒன்றுகூட எஞ்சாதபடி நீக்கிவிடுவார்கள். எச்சம் இருந்தால் கட்டி மீண்டும் தோன்றும். கழலையை எச்சமின்றி நீக்கவேண்டும், இல்லையேல் மீண்டும் வளரும் என்னும் கருத்து பண்டைய சுசுருத சம்ஹிதையிலேயே காணப்படுவது கவனிக்கத்தக்கது.

இரத்தக் கசிவை நிறுத்தி, உள்ளே கரைந்துபோகும் நூலாலும் மேலே சாதாரண நூலாலும் தையல் போட்டுக் கட்டுவார்கள். சிறிய கட்டிக்கு அரைமணி நேரமே ஆகும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். மிகச்சிறிய துவாரமிட்டு, உள்ளிருப்பதைப் பிதுக்கி வெளியேற்றியபின் பைச்சுவரை இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. தழும்பு சிறிதாக இருப்பது அதன் நன்மை. முன்பு வீங்கி உடைந்த கட்டிக்கு அம்முறை அவ்வளவாகப் பொருந்தாது. எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதன் முடிவைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். பைக்கட்டியில் புற்றுநோய் காணப்படுவது மிக மிக அரிது. ஆயினும் ஐயமறத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

வீங்கியபின் வருவோருக்கு

கட்டி சிவந்து சீழ் கோத்தபின் வருவோருக்கு அன்றே பையை எடுத்துவிட இயலாது. வீக்கத்தில் பைச்சுவர் நைந்து சதையோடு ஒட்டிக்கொள்வதால் அதனை முழுமையாகப் பிரிக்க முடிவதில்லை. ஆகவே மரப்பு ஊசி போட்டுக் கீறிச் சீழை வெளியேற்றி, தேவையாயின் மருந்து கொடுத்து, நாள்தோறும் கட்டு மாற்றுவார்கள். புண் ஆறி, வீக்கம் முழுதும் தணிந்தபின், சில வாரங்கள் கழித்து இரண்டாவது முறையாகச் சத்திர சிகிச்சை செய்யவேண்டியிருக்கும்.

இதனால் ஆகும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். காபிப் பழம் சிவந்து நிற்கும்போதோ, மிளகு பறிக்க ஏணி சாத்தும்போதோ கட்டி வீங்கினால், அந்த ஆண்டு அறுவடையில் ஒரு கை குறைந்துவிடுகிறது. ஒரு முறை மலையிறங்க வேண்டியவர் பல முறை இறங்க நேரிடுகிறது. ஆகையால் வேலை குறைந்த நாட்களில், கட்டி அமைதியாக இருக்கும்போதே அதனை எடுத்துக்கொள்வது சிக்கனமும் ஆகும்.

வீங்கிய கட்டியைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவினாலும், குளிர்காய்ச்சல் கண்டாலும், மயக்கமோ மூச்சு வாங்குதலோ ஏற்பட்டாலும் காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இரவாயின் 108 ஆம்புலன்சை அழைக்கவேண்டும்.

வீடு திரும்பியபின்

முதல் இரண்டு நாட்கள் கட்டு நனையாமல் இருக்கவேண்டும். பின்னர் வைத்தியர் கூறியபடி கழுவித் துடைக்கலாம். புண்ணில் மஞ்சள் தூள், சாம்பல், காபித்தூள், பச்சிலைச் சாறு எதனையும் வைக்கக்கூடாது. மார்பில் போட்ட தையலைப் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களுக்குள் பிரிப்பார்கள். அந்த நாளை மறந்துவிட்டுத் தையலோடு வேலைக்குச் செல்வோரும், தாமே பிளேடால் அறுத்துக்கொள்வோரும் தமக்குத் தாமே தீங்கு தேடிக்கொள்கின்றனர்.

மார்பின் தசைகள் கையசைவோடு தொடர்புடையவை. ஆகவே சுமை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல், மரம் ஏறுதல், உரலில் இடித்தல் ஆகியவற்றை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒத்திவைக்கவேண்டும். இல்லையேல் தையல் விட்டுத் தழும்பு அகன்றுவிடும். கட்டில் இரத்தம் ஊறினால், சுத்தமான துணியை வைத்துக் கால் மணி நேரம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்படியும் நிற்காவிட்டாலும், மூன்றாம் நாளுக்குப்பின் வலி குறையாமல் கூடினாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும் மீண்டும் வைத்தியரைக் காணவேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

வைத்தியம் செய்வது பஞ்சாயத்தின் வேலை அன்று. ஆனால் வைத்தியம் தேவைப்படுவோரை உரிய இடத்தில் கொண்டுசேர்ப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களால் எளிதில் ஆகக்கூடியது. இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

கிராம சபை கூடும்போது, மார்பில் கட்டி கண்டோர் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செம்மேடு அரசு மருத்துவமனையிலோ காட்டவேண்டும் என்பதை எடுத்துரைக்கலாம். பெயர் கூறியோ, எழுந்து நிற்கச் சொல்லியோ எவரையும் வெட்கப்படுத்தலாகாது. பெண்களுக்கெனச் சுகாதார செவிலியர் தனியே ஒரு மறைவான இடத்தில் பேசுவதற்கு, அங்கன்வாடியிலோ பள்ளியிலோ ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் மாதக் கூட்டங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.

மேற்கொண்டு சோதனை தேவையென வைத்தியர் எழுதிக்கொடுத்தால், ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றதை நம் மக்கள் அறிவர். ஒரே ஊரிலிருந்து செல்லவேண்டியவர்கள் ஒரே நாளில் சேர்ந்து செல்லுமாறு ஏற்பாடு செய்தால் செலவும் அச்சமும் குறையும். தனியே செல்ல இயலாத முதியவருக்கு எழுதப்படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரைத் துணைக்கு அனுப்பலாம். தையல் பிரிக்கும் நாளையும், திசுப் பரிசோதனை முடிவு வரும் நாளையும் அவ்விளைஞர் குறித்துவைத்துக்கொண்டு நினைவூட்டுவது பேருதவியாகும்.

ஊர்க்கவுண்டர்களின் சொல்லுக்கும் நாட்டு வைத்தியர்களின் சொல்லுக்கும் நம் மலையில் மதிப்பு மிகுதி. "இதை நான் தொடமாட்டேன், நீ செம்மேட்டில் போய்க் காட்டிவிட்டு வா" என்று ஒரு நாட்டு வைத்தியர் கூறுவாராயின், அது பத்து விளம்பரப் பலகைகளைவிடப் பயன் தரும். ஆகவே அவர்களையும் கலந்துகொண்டு இம்முயற்சியை மேற்கொள்ளுதல் வேண்டும்.

நிலத்தில் களை சிறியதாய் இருக்கும்போதே விரலால் கிள்ளியெறிந்துவிடலாம். வேரோடி முற்றிவிட்டால் மண்வெட்டி தேவைப்படுகிறது. உடலில் தோன்றும் கட்டியும் அத்தகையதே. சிறியதாய் இருக்கும்போதே காட்டினால், தீங்கற்றதாயின் மன நிம்மதியோடு வீடு திரும்பலாம். கொடியதாயின் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதியாக இருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்கலாம். எவ்வகையிலும் நட்டமில்லை. 14 நாடுகளிலும் உள்ள அங்கத்தினர்களும், உழவர் பெருமக்களும், தாய்மார்களும் இதனை உணர்ந்து, தத்தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் எடுத்துக்கூறி, ஆவன செய்வார்களாக.